சாவிக்கொத்தும் சொல்லும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் நாலு மொழி காதில் விழுந்துவிடும். மசாலாக் கிடங்குகள் பக்கம் குஜராத்தி, திருமலைக் கோயிலைச் சுற்றிக் கொங்கணி, படகுத்துறையில் மலையாளம், சற்றுத் தள்ளி ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் குடும்பங்களிடம் தமிழ். இப்போது வங்காளமும் அசாமியும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. இந்த ஊரில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் அவர் எந்த மொழியில் தடுமாறுவார்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப்போகும் நர்சிங் மாணவிக்கு நாம் எந்த மொழியில் கேட்கக் கற்றுத்தருகிறோம்? மனநலச் செவிலியப் படிப்பின் அன்றையும் இன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு இந்த இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன.

அன்று முதல் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கொச்சி சமஸ்தானத்தில் புத்தி கலங்கியவர்களுக்கென ஒதுக்கிய இடம் திருச்சூர். அங்கே மனநோய் மருத்துவமனை தொடங்கியது 1889இல். அதற்கு முன்பே திருவிதாங்கூருக்கு 1870இல் திருவனந்தபுரத்து ஊளம்பாறை, பிரிட்டிஷ் மலபாருக்கு 1872இல் கோழிக்கோட்டுக் குதிரவட்டம். மூன்று ஆட்சிகளும் எதில் வேறுபட்டாலும் மதில் எழுப்புவதில் ஒத்துப்போயின. மட்டாஞ்சேரிக் குடும்பம் ஒன்று தன் பிள்ளையை எண்பது கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டால், அவன் மொழி அங்கே யாருக்குப் புரிந்தது, புரியவில்லை என்பதைக் கேட்டறிய ஆளில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் எப்படி வசைச்சொல்லாயிற்றோ அப்படியே கேரளத்தில் ஊளம்பாறையும் குதிரவட்டமும் ஆயின. குதிரவட்டம் பப்பு என்ற நடிகர் அந்த ஊர்ப்பெயரைச் சிரிப்போடு சுமந்து ஊரையே சிரிக்க வைத்தார். அந்த ஊரின் பெயரோடு மரியாதையாகச் சேர்ந்த பெயர் அவருடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

1920இல் பிரிட்டிஷ் அரசு ‘பைத்தியக்காரர் காப்பகம்’ என்ற பெயரை மாற்றி ‘மனநோய் மருத்துவமனை’ ஆக்கியது. பலகை மாறியது, வேலை மாறவில்லை. உள்ளே இருந்தவர்கள் வார்டர்களும் அட்டெண்டர்களும். செவிலியர் என்ற சொல்லுக்கு அங்கே பெரிய தேவை இருப்பதாக யாரும் கருதவில்லை. அமெரிக்காவில் மெக்லீன் மருத்துவமனை 1882இலேயே மனநோய்ச் செவிலியருக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டது. நம்மிடம் அப்படி ஒரு பள்ளி உருவாக இரண்டு தலைமுறை ஆயிற்று. சென்னையில் 1943இல் ஆண் செவிலியருக்கு மூன்று மாதப் பயிற்சி நடந்தது. ஆண்களுக்கு மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்கள் மகப்பேற்றுப் பயிற்சி பெறும் இடத்தில் ஆண்களுக்கு இது என்பதே அன்றைய கணக்கு.

நாட்டின் மருத்துவ வசதிகளை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946இல் அறிக்கை தந்தபோது, இங்கிலாந்தில் முந்நூறு பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கை, இந்தியாவில் நாற்பதாயிரம் பேருக்கு ஒன்று என்று கணக்குக் காட்டியது. நாடு முழுவதற்கும் சுமார் பத்தாயிரம் படுக்கைகள். படுக்கைக்கே இந்த நிலை என்றால் படுக்கையருகே நிற்கக் கற்றவர்களின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியதில்லை. 1948-50இல் நான்கு செவிலியரை அரசு இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. நான்கே பேர். 1956இல், பின்னாளில் நிம்ஹான்ஸ் ஆன பெங்களூர் நிறுவனத்தில், மனநோய்ச் செவிலியத்துக்கு ஓராண்டுப் படிப்பு தொடங்கியது. 1965இல் இந்திய நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி. நர்சிங்கில் இதைக் கட்டாயப் பாடமாக்கியது. மருத்துவமனை நர்சிங் பள்ளிகளின் டிப்ளமோ படிப்புக்குள் இந்தப் பாடம் வர 1986 ஆயிற்று. அதாவது, இன்று ஓய்வுபெற்றிருக்கும் டிப்ளமோ நர்சுகளில் பெரும்பாலோர் மனநோயைப் பாடமாகப் படிக்காமலேயே மனநோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள்.

அன்று வார்டில் கற்பித்தது எது? முதலில் சாவி. எந்தக் கதவைத் திறந்தால் எந்தக் கதவைப் பூட்டியிருக்க வேண்டும் என்பது பாடம். பிறகு எண்ணிக்கை: ஷிஃப்ட் மாறும்போது தலை எண்ண வேண்டும், சாப்பாடு முடிந்ததும் கரண்டி எண்ண வேண்டும், சவரம் முடிந்ததும் பிளேடு எண்ண வேண்டும். பிறகு பாரால்டிஹைடு. கண்ணாடி சிரிஞ்சில் ஏற்றப்பட்ட அந்த மருந்தின் வாடை நோயாளியின் மூச்சில் வந்து வார்டு முழுக்க நிற்கும். விடிகாலையில் இன்சுலின் ஊசி போட்டு நினைவிழக்கச் செய்து, குறித்த நேரத்தில் மூக்குக்குழாய் வழியாகச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து மீட்டெடுக்கும் சிகிச்சை ஒன்று இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பது செவிலியரின் பொறுப்பு. மின்னதிர்ச்சி சிகிச்சைக்கு மயக்க மருந்து கிடையாது. தோளை ஒருவர், இடுப்பை ஒருவர், முழங்காலை ஒருவர், தாடையை ஒருவர் பிடிக்க வேண்டும். தாடையைப் பிடிப்பது பெரும்பாலும் மாணவி. பிடி தவறினால் எலும்பு முறியலாம், நாக்கு கடிபடலாம் என்று சொல்லித்தான் நிறுத்துவார்கள்.

இதைப் படிப்பவர்கள் அந்தக்காலத்துச் செவிலியரைக் கொடியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் கைவசம் இருந்தவை அவ்வளவே. ஒரு விஷயம் அவர்களுக்குக் கைவந்திருந்தது. நோயாளி வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார், வார்டு சிஸ்டரும் இருந்தார். எந்த அம்மாவுக்கு அமாவாசை அன்று சாப்பாடு இறங்காது, எந்த ஐயா பேசாமலிருந்தால் அடுத்த நாள் கை ஓங்குவார் என்று சிஸ்டருக்குத் தெரியும். மாணவிக்குக் கற்றுக்கொடுத்தவரும் அதே சிஸ்டர்தான். பாடம் சொல்பவரும் பணி செய்பவரும் அன்று ஒரே ஆள்.

மாற்றம் இரண்டு பக்கமிருந்து, ஒரே ஆண்டில் வந்தது. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்படும் என்று தெரியவந்தது. அதே 1952இல் ஹில்டகார்ட் பெப்லா என்ற அமெரிக்கச் செவிலியரின் புத்தகம் வெளிவந்தது. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையில் உருவாகும் உறவே சிகிச்சை என்றது அந்தப் புத்தகம். எழுதி முடித்தது 1948இல். ஒரு டாக்டர் பெயரைச் சேர்க்காமல் ஒரு நர்ஸ் தனியாக எழுதியது என்பதால் நான்கு ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. மாத்திரை வந்ததால் நோயாளி உட்கார்ந்து பேசும் நிலைக்கு வந்தார். எதிரே உட்கார்ந்து எப்படிப் பேசுவது என்பதைப் பெப்லா சொன்னார். உலகெங்கும் மனநலச் செவிலியப் பாடம் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

பெப்லாவின் வழியில் வந்ததுதான் மாணவர்கள் ‘ப்ராசஸ் ரெக்கார்டிங்’ என்று அலுப்போடு சொல்லும் தாள். பக்கத்தைக் கட்டம் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் நோயாளி சொன்னது, சொன்னபடியே. இன்னொன்றில் மாணவி சொன்னது. அடுத்து, அதற்குள் மாணவி உணர்ந்தது என்ன. கடைசியில், அது எந்த உத்தி, சரியா தவறா. மௌனமும் ஓர் உத்தியாகப் பட்டியலில் உண்டு. ‘கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாப்போயிடும்’ என்று ஆறுதல் சொன்னால் ஆசிரியை சிவப்பு மையில் சுழிப்பார். அது பொய்யான உறுதி. வீட்டில், கோயிலில், சாவு வீட்டில் நாம் முதலில் சொல்லும் வாக்கியம் அதுதான். இருபது வயதுப் பெண்ணிடமிருந்து அந்த வாக்கியத்தைப் பிடுங்குவது, சாவிக்கொத்தைப் பிடுங்குவதைவிடக் கடினம்.

இன்றைய கணக்குக்கு வருவோம். கொச்சியின் நர்சிங் கல்லூரிகளுக்கு முன்பு கோட்டயத்து மகாத்மா காந்திப் பல்கலைக்கழகம் பட்டம் தந்தது. 2010இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள ஆரோக்கியப் பல்கலைக்கழகம் வந்தபின் பொறுப்பு அதன் கைக்குப் போனது. மனநோயாளிகளை அனுப்பிய ஊருக்கே இப்போது விடைத்தாளும் போகிறது. பழைய பாடத்திட்டத்தில் மூன்றாம் ஆண்டில் மொத்தமாக 90 மணி நேரம் வகுப்பு, 270 மணி நேரம் வார்டு. 2021 முதல் செமஸ்டர் முறை: ஐந்தாம் செமஸ்டரில் 60 மணி நேர வகுப்பும் 80 மணி நேர வார்டும், ஆறாவதில் 40ம் 160ம். வகுப்பு 100 ஆக ஏறி, வார்டு 240 ஆக இறங்கியிருக்கிறது. இறுதியாண்டு இன்டர்ன்ஷிப் தனி. இறங்கியது முப்பது மணி நேரம்தான். அதைவிட முக்கியம், முன்பு ஒரே நீளமாக இருந்தது இரண்டு துண்டாகியிருப்பது. ஐந்தாம் செமஸ்டரில் பழகிய நோயாளி ஆறாம் செமஸ்டரில் வார்டில் இருக்கமாட்டார்.

இருக்கக் கூடாது என்பதுதான் இன்றைய நோக்கமும். வாரக்கணக்கில் சிகிச்சை, பிறகு வீடு, பிறகு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மாதாந்தரக் கிளினிக். மாவட்ட மனநலத் திட்டம் கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் நடக்கிறது. மட்டாஞ்சேரிக்காரர் இன்று திருச்சூர் போக வேண்டியதில்லை. எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு உண்டு. மாணவிகள் வார்டைவிட்டு வீடுகளுக்குப் போகிறார்கள், ஆஷா ஊழியரோடு சேர்ந்து மாத்திரை விட்டுப்போனவரைத் தேடுகிறார்கள். இதில் இழப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அமாவாசைச் சங்கதி தெரிந்த அந்த சிஸ்டர் இல்லை. இன்றைய ஆசிரியை எம்.எஸ்சி. முடித்தவர், ஆய்வுப் பட்டம் பெற்றவர், கல்லூரி ஊழியர். வார்டு அவருடையதல்ல. மாணவிகளோடு வருகிறார், அவர்களோடு போய்விடுகிறார். நோயாளிக்கு அவர் விருந்தாளி. வேலூர் சி.எம்.சி. போன்ற சில இடங்களில்தான் கற்பிப்பவரே பணியிலும் இருக்கும் ஏற்பாட்டைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். அதே வேலூரில், பாகாயத்து மனநல மையம் 1957இல் தொடங்கிய நாளிலிருந்து நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் தங்குவது வழக்கம். செவிலியர் அங்கே இரண்டு பேருக்குக் கற்றுத்தருகிறார்.

சட்டப் பாடம்தான் முற்றிலும் புதிது. 1912இன் சட்டம் நோயாளியை அடைத்துவைப்பதைப் பற்றிப் பேசியது. 1987இன் சட்டம் அனுமதி, உரிமம் பற்றிப் பேசியது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமை பற்றிப் பேசுகிறது. இடையில் நடந்ததையும் வகுப்பில் சொல்லியாக வேண்டும். 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் 37 அரசு மனநோய் மருத்துவமனைகளைப் பார்த்துவிட்டு, அவற்றில் 38 சதவீதம் கட்டிய காலத்துச் சிறை அமைப்பிலேயே இருப்பதாக எழுதியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். ஏர்வாடி தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளக் குடும்பங்களுக்கும் அது தெரிந்த ஊர். இன்று சங்கிலியிடுவது சட்டப்படி குற்றம். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதும் குற்றம். தாடையைப் பிடித்த மாணவியின் இடத்தில் நிற்கும் இன்றைய மாணவி, இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையா என்று கேட்டு, ஒப்புதல் தாளைச் சரிபார்த்து, ஆக்சிஜன் அளவைக் குறிக்கிறாள்.

தற்கொலைக்கு முயன்றவர் வார்டுக்கு வந்தால் முன்பு முதல் வேலை போலீசுக்குத் தகவல். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. 2017 சட்டம் அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இடம்பெறவில்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கில் தேசத்தின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 12.4, கேரளத்தில் 28.5. எழுத்தறிவிலும் ஆயுளிலும் முன்னே நிற்கும் மாநிலத்துக்கு இந்த எண் உறுத்துகிறது. ஆகவே ‘செத்துவிடலாம் என்று தோன்றியதா?’ என்று நேராகக் கேட்க மாணவிக்குப் பயிற்சி தருகிறார்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று நம் பாட்டிமார் பயந்தார்கள். அப்படி வருவதில்லை, கேட்டால் பாரம் இறங்குகிறது என்பது பாடம்.

நேராகக் கேட்பது என்றால் எந்த மொழியில்? தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டேன். பாடப்புத்தகம் ஆங்கிலம்: டௌன்செண்ட், அல்லது நம்மூர்ப் பேராசிரியைகள் ஸ்ரீவாணி, லலிதா எழுதியவை. ப்ராசஸ் ரெக்கார்டிங்கும் ஆங்கிலம். நோயாளி மலையாளத்திலோ கொங்கணியிலோ தமிழிலோ சொன்னதை ‘சொன்னபடியே’ எழுது என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறோம். ‘நெஞ்சு அடிச்சுக்குது, மனசு ஒரு நிலையில இல்ல’ என்பது தாளில் ‘பதற்றம்’ என்பதன் ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடும். நெஞ்சும் போயிற்று, நிலையும் போயிற்று.

மனநிலைப் பரிசோதனையின் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கடிதம் தெருவில் கிடந்தால் என்ன செய்வீர்கள்? தீர்மானிக்கும் திறனை அறிய ஆண்டாண்டாகக் கேட்டுவரும் கேள்வி இது. அன்று எந்தக் கிராமத்துக்காரரும் தபால் பெட்டியில் போடுவேன் என்பார். இன்று இருபது வயதுப் பையன் மாணவியைத் திரும்பக் கேட்பான், யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று. அவன் தீர்மானத்தில் குறை சொல்ல முடியாது. நோயின் பேச்சும் மாறியிருக்கிறது. ரேடியோ என்னைப் பற்றிச் சொல்கிறது என்றார்கள் அன்று. மொபைலில் என்னை வேவு பார்க்கிறார்கள் என்கிறார்கள் இன்று. அருவமாகச் சிந்திக்கும் திறனை அறியப் பழமொழிக்குப் பொருள் கேட்பார்கள். புத்தகத்தில் இருப்பதை அப்படியே பெயர்த்து, உருளும் கல்லில் பாசி பிடிக்காது என்றால் என்ன என்று கேட்டால் மட்டாஞ்சேரி மீன்காரர் விழிப்பார். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று கேட்டால் அவர் பேசத் தொடங்கிவிடுவார், நிறுத்துவதுதான் சிரமம்.

நோய்க்கான காரணத்தையும் ஊர் தன் மொழியில்தான் வைத்திருக்கிறது. இங்கே ‘கைவிஷம்’ என்பார்கள், நாம் ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்போம். கைவிஷத்தை எடுக்கச் சேர்த்தலைப் பக்கம் திருவிழா மகாதேவர் கோயிலுக்குப் போவார்கள்; ஆவேசம் என்றால் சோட்டானிக்கரை, அங்கே கீழ்க்காவில் பாலைமரத்தில் ஆணி அறைந்திருப்பதைப் பார்க்கலாம். அன்றைய ஆசிரியைகள் இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கினார்கள். எங்கே போய்வந்தீர்கள், என்ன செய்தார்கள் என்று விசாரித்துக் குடும்ப வரலாற்றில் எழுது என்று சொல்லும் ஆசிரியைகள் இப்போது வந்திருக்கிறார்கள். குடும்பம் வாயைத் திறப்பது அப்படிக் கேட்டபின்தான். சினிமா தரும் பாடம் வேறு. 1993இன் ‘மணிச்சித்ரதாழு’ எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று பக்கத்துத் திரிப்பூணித்துறையின் ஹில் பேலஸ். நாம் ‘சந்திரமுகி’யாகப் பார்த்த கதை அது. முதல் நாள் வகுப்பில் மனநோய் என்றதும் அதன் நாயகி கங்காவைச் சொல்லாத மாணவி இல்லை என்கிற அளவுக்கு அந்தப் படம் இங்கே ஊறியிருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்க்கும் நோயாளியைப் போஸ்டிங்கில் முதன்முதலாகப் பார்க்கும்போது அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ஆங்கிலம் ஏன் நீடிக்கிறது என்பதற்கு ஒளிவுமறைவான காரணம் எதுவும் இல்லை. இந்த வகுப்பில் இருப்பவர்களில் பலர் போகப்போவது அயல்நாடு. பிரிட்டனில் மனநலச் செவிலியம் தனிப் பதிவு கொண்ட துறை. இந்தியாவில் நர்சிங் கவுன்சில் பதிவேட்டில் அப்படித் தனிப் பிரிவு இல்லை, மனநலத்தில் சிறப்புப் படிப்பு முடித்தவரை அறுவைசிகிச்சை வார்டில் போட்டாலும் கேட்பாரில்லை. அயல்நாட்டு நோயாளியோடு ஆங்கிலத்தில் பேசும் மலையாளி நர்ஸ் அங்கே நன்றாகவே பேசுவாள். மட்டாஞ்சேரியில் தன் பக்கத்துத் தெரு கொங்கணி அம்மாளோடு அவ்வளவு நன்றாகப் பேசுவாளா என்பதே என் சந்தேகம்.

2017 சட்டத்தின் 22ஆம் பிரிவு, நோயாளிக்குத் தரும் தகவல் அவருக்குப் புரியும் மொழியில், புரியும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416இல் இருபது மொழிகளில் பேச ஆள் வைத்திருக்கிறார்கள். சட்டமும் தொலைபேசியும் மொழியைக் கவனித்துவிட்டன. பாக்கி இருப்பது வகுப்பறை.

ஆகவே கொச்சியிலும் சென்னையிலும் இந்தப் பாடம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த போஸ்டிங்கின்போது ப்ராசஸ் ரெக்கார்டிங்கின் முதல் கட்டத்தை மட்டுமாவது நோயாளியின் மொழியிலேயே, மலையாளமோ தமிழோ எந்த எழுத்தில் முடியுமோ அந்த எழுத்தில், எழுத விடுங்கள். மற்றக் கட்டங்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தபால்தலைக் கேள்வியை எடுத்துவிட்டு, உங்கள் ஊருக்குப் பொருந்தும் ஒன்றை வையுங்கள். பத்து வருடத் தாள்களைச் சேர்த்தால் இந்தக் கரையின் மனிதர்கள் துயரத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு அகராதி கிடைக்கும். அதை எழுதப்போவது உங்கள் மாணவிகள்தான். அவர்களைத் தவிர வேறு யாரும் அந்த நோயாளியின் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்காருவதில்லை.